நுரையீரலில் நீர் கோர்த்திருக்கிறதாம்: ஊசி குத்தி எடுக்க விடலாமா?

முதுநகர் மகள் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. விசைப்படகு என்ஜின் பழுது பார்ப்பவர். ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல், வறட்டு இருமல். முதலில் வலது விலாவில், மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்துகிறது என்றார். என்ஜினைத் தூக்கியதில் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டோம். பத்து நாளில் வலி தானாகவே குறைந்தது. சரியாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது.

இன்று எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் நீர் கோர்த்திருக்கிறது, புதன்கிழமை வாருங்கள், ஊசி குத்தி எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எங்கள் அடுத்த தெருப் பெரியம்மாவுக்குப் போன வருடம் இதே நோய்தான் என்றார்கள். அவருக்குச் சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினார். அப்பாவுக்கு ஏன் அந்த மாத்திரை இல்லை? ஒருமுறை குத்தி எடுத்தால் ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்று சித்தப்பா தடுக்கிறார். அம்மா அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.50

தங்கையே, 22 வருடம் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் இல்லை. ஆனால் இந்த ஒரு வார்த்தையால் குடும்பங்கள் குழம்புவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். "நுரையீரலில் நீர்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்நிலைகளை.

ஒன்று, நுரையீரலுக்கு உள்ளே, காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளிலேயே நீர் நிறைவது. பெரும்பாலும் இதயத்தின் இடது பக்கம் தளர்ந்துபோவதால் வரும். மழைக்காலத்தில் கெடிலத்தில் வெள்ளம் ஏறி நிற்கும்போது, ஊருக்குள் இருக்கிற வாய்க்கால் வடிய வழியில்லாமல் எதிர்த்துத் தெருவுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதயம் முன்னே தள்ளாத ரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலின் மெல்லிய நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் காற்றறைக்குள் கசியும். அதை ஊசியால் எடுக்க முடியாது. பஞ்சில் ஊறிய நீரைப்போல அது எங்கும் பரவியிருக்கும். சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். உங்கள் பெரியம்மாவுக்கு வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் நீர் சேர்வது. நல்ல உடம்பிலும் அந்த இடுக்கில் சில தேக்கரண்டி நீர் உண்டு; நுரையீரல் விலாவில் உரசாமல் வழுக்கி அசைவதற்காக. நோய் வந்தால் அது லிட்டர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை வெளியிலிருந்து அமுக்கும். உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் என்றால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் வலித்ததும், பிறகு வலி குறைந்து மூச்சு வாங்கியதும் அதற்குப் பொருந்துகிறது. புண்ணான இரண்டு சவ்வுகளும் உரசும்போது வலிக்கும். நடுவில் நீர் வந்து அவற்றைப் பிரித்துவிட்டால் வலி அடங்கும். அது குணமானதன் அடையாளம் அல்ல, நீர் ஏறியதன் அடையாளம்.

புதன்கிழமை மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். நீர் உள்ளேயா, வெளியேயா? எதனால் வந்தது? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிவதற்காகத்தான் ஊசியே.

நெல்லிக்குப்பத்தார் | செவ்வாய், காலை 6.05

கெடிலக்கரை அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் மைத்துனருக்கு மூன்று முறை எடுத்தார்கள், மூன்று முறையும் திரும்ப ஊறியது. நான்காவது மாதம் அவர் இல்லை. உடம்பிலிருந்து குத்தி எடுப்பது கடைசியாகச் செய்ய வேண்டியது என்பது என் எண்ணம். நீர்முள்ளிக் கசாயம் நீரை இறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளு ரசம், பார்லிக் கஞ்சி. பத்து நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இழந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கெடிலக்கரை | செவ்வாய், காலை 7.30

ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். மூன்று முறை ஊறியது ஊசியால் அல்ல. ஊறச் செய்த நோய் உள்ளே இருந்தது. ஊசி அதைக் காட்டியது, அவ்வளவுதான். அவருக்கு நீரைச் சோதித்ததில் என்ன வந்தது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? பல வீடுகளில் சொல்வதே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் கோபம் தரும் விஷயம்.

நீர்முள்ளி சிறுநீரைப் பெருக்கலாம். ஆனால் காசநோயால் ஊறும் நீரையோ, நிமோனியாவுக்குப் பின் சேரும் சீழையோ சிறுநீர் வழியாக இறக்க முடியாது. சீழாக இருந்தால் பத்து நாள் காத்திருப்பது மிகவும் ஆபத்து. அது இறுகி அறை அறையாகப் பிரிந்துவிடும்; பிறகு குழாய் போட்டாலும் வடியாது, அறுவை சிகிச்சை செய்து உரித்தெடுக்கும் நிலை வரும். ஒரு மாதமாகக் காய்ச்சல் இருக்கிறவரைப் பத்து நாள் காக்க வைக்காதீர்கள்.

வில்லியனூர் நடத்துநர் | செவ்வாய், மதியம் 1.20

நான் அந்த முதல் வகை. உள்ளே நீர் வந்தவன். பஸ் நடத்துநராக இருந்தேன். 2022இல் ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும், யாரோ தலையணையை முகத்தில் அழுத்துவதுபோல் இருந்து விழித்தேன். எழுந்து சன்னல் ஓரம் உட்கார்ந்தால் சற்றுக் குறைந்தது, படுத்தால் மறுபடியும் முட்டியது. அதற்கு முன் பத்து நாளாகவே மூன்று தலையணை வைத்துத்தான் படுத்துக்கொண்டிருந்தேன். அது ஓர் எச்சரிக்கை என்று எனக்குத் தெரியவில்லை. விசில் சத்தம் வந்ததால் ஆஸ்துமா என்று பக்கத்து கிளினிக்கில் புகை மருந்து வைத்தார்கள். விடியும்போது இளஞ்சிவப்பு நுரையாகக் கோழை வந்தது.

பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது என்னைப் படுக்க வைக்கவே இல்லை. காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க். அழுத்தத்தோடு காற்று உள்ளே போகும். முதல் ஐந்து நிமிடம் பயமாக இருந்தது, பிறகு அதுதான் உயிர் கொடுத்தது. நரம்பில் சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைட் ஊசி, ரத்தக்குழாயைத் தளர்த்த நைட்ரோகிளிசரின். மதியத்துக்குள் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போனது. ஈசிஜியில் மாரடைப்பு. வலியே இல்லாமல் வந்திருக்கிறது, எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.

இரண்டாவது முறை என் தவறால் வந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டேன். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடுமாம். அதே வாரத்தில் கருவாட்டுக் குழம்பும். கால் வீங்கி, நான்கு நாளில் மூன்று கிலோ ஏறினேன். இப்போது காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து நாள்காட்டியில் குறிக்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை.

சகோதரி, உங்கள் அப்பாவால் சமமாகப் படுக்க முடிகிறதா? அதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதுநகர் மகள் | செவ்வாய், மாலை 6.40

படுக்க முடிகிறது அண்ணா. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நன்றாக இருக்கிறது என்கிறார். கால் வீக்கம் இல்லை. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. எக்கோவும் எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறதாம். நாளைக்கு ஊசிக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம். சித்தப்பாவுக்குக் கெடிலக்கரை அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

லாஸ்பேட்டை அம்மா | செவ்வாய், இரவு 8.15

எல்லா நீரையும் எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு என் மகன் சாட்சி. ஒன்பது வயதில் அவனுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் சாமிக்கு விளக்கேற்றினேன். அன்று மாலையே வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லென்று ஆனது. ஸ்கேனில் வலது நுரையீரலைச் சுற்றி நீர், வயிற்றிலும் நீர். டெங்குவில் ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிப்பது காய்ச்சல் விடும் வேளையில்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் மாமியார் நீரை எடுக்கச் சொல்லி மன்றாடினார். மருத்துவர்கள் தொடவில்லை. எடுத்தால் ரத்தக் கசிவு ஆகலாம், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார்கள். இரவு முழுக்கச் சலைனை மணிக்கு மணி அளந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் அதை நிறுத்தியும் விட்டார்கள். கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும்போது மேலும் சலைன் ஏறினால் நுரையீரல் உள்ளேயே நிறைந்துவிடுமாம். மூன்றாம் நாள் ஸ்கேனில் நீர் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு 48 மணி நேரம் பிள்ளையை விட்டு அசையாதீர்கள், தாய்மார்களே.

பண்ருட்டி முந்திரித்தோப்பு | செவ்வாய், இரவு 10.02

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. செந்தேள் கொட்டினாலும் நுரையீரலுக்குள் நீர் வரும். அக்கா மகன், ஏழு வயது, தோப்பில் சருகு கூட்டும்போது கொட்டியது. வலி அவ்வளவாக இல்லை. ஒரு மணி நேரத்தில் உடம்பு முழுக்க வியர்வை, வாந்தி, கை கால் பனிக்கட்டி. அப்புறம் மூச்சிரைப்பு. நஞ்சு உடம்பின் அவசரச் சுரப்புகளை வெள்ளமாகத் திறந்துவிட, அந்தச் சுமையில் சின்ன இதயம் தடுமாறி நுரையீரல் நிறைகிறது.

அவனைக் காப்பாற்றியது பிரசோசின் என்ற, விலை மலிந்த இரத்த அழுத்த மாத்திரை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்தான் 1980களில் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டியவர். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிராமத்து மருத்துவர் ஒருவர் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. மந்திரிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள்.

பரிசோதனைக்கூடத்தான் | புதன், காலை 5.45

முதுநகர் சகோதரிக்கு இன்று ஊசி என்பதால் அவசரமாக எழுதுகிறேன். ஆய்வகத் தொழில்நுட்பனாகப் பல வருடம் இந்த நீரைக் கையில் வாங்கியவன்.

நீர் எடுக்கும் நாளிலேயே கைநரம்பிலிருந்து ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் விடை வரும். நீரிலுள்ள புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்குக்கு மேல் இருந்தாலோ, அந்த நொதி ரத்தத்துக்கான இயல்பு உச்ச வரம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ, சவ்விலேயே நோய் இருக்கிறது என்று கொள்வார்கள். ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972இல் வகுத்த அளவுகோல், இன்றும் அதுதான். இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் பக்கம் தேட வேண்டும்.

நீரில் ஏ.டி.ஏ. என்ற இன்னொரு நொதியை அளக்கும் சோதனையை மறக்க விடாதீர்கள். நம் நாட்டில் அது 40க்கு மேல், கூடவே லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம் என்றால் காசநோயைத்தான் முதலில் நினைப்பார்கள். புற்றணு தேடுவதற்கு 25 முதல் 50 மில்லிவரை நீர் தேவை. சிறு குப்பியில் ஐந்து மில்லி வந்து சேரும்போது எங்களுக்குக் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். நிறத்தையும் பார்த்து வையுங்கள். வைக்கோல் நிறமா, ரத்தம் கலந்ததா, கலங்கலா, பாலைப்போல வெளுத்ததா என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

முதுநகர் மகள் | புதன், இரவு 7.55

முடிந்தது. அப்பா நலமாக இருக்கிறார்.

மேசைமேல் தலையணை வைத்து அதில் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். முதுகில் ஸ்கேன் வைத்துப் பார்த்துப் பேனாவால் குறி போட்டார்கள். மருத்துவர் விரலை வைத்துத் தட்டிக் காட்டினார். இடது பக்கம் காலிக் குடம்போல் ஓசை, வலது பக்கம் கீழே நிறைகுடம்போல் மந்தம். எனக்கே வித்தியாசம் கேட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே குத்தினார். கீழ்விளிம்பில் நாளமும் நரம்பும் ஓடுவதால் அங்கே குத்தக் கூடாதாம். 1,100 மில்லி. வைக்கோல் நிறம். அப்பா இருமத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஏன் முழுக்க எடுக்கவில்லை என்று சித்தப்பா கேட்கிறார்.

கெடிலக்கரை | புதன், இரவு 8.20

நல்ல கைகளில்தான் இருக்கிறார். நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால், அதன் நாளங்கள் கசிந்து நீர் உள்ளே வந்துவிடும். வெளிநீரை எடுக்கப்போய் உள்நீரை வரவழைத்த கதையாகும். அதனால்தான் ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுப்பதில்லை. இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அதற்கு முன்பே நிறுத்துவார்கள். இன்று இரவு திடீர் மூச்சுத் திணறலோ வலியோ வந்தால் உடனே போங்கள். அபூர்வமாகக் காற்று புகுந்துவிடுவது உண்டு.

அரியாங்குப்பம் | வியாழன், காலை 10.30

முடிவு வரும்வரை மனம் படும் பாடு எனக்குத் தெரியும் சகோதரி. என் அம்மாவுக்கு ரத்தம் கலந்த நீர் வந்தது. மார்பகப் புற்று சவ்வுக்குப் பரவியிருந்தது. நீர் எடுத்தால் ஆறே நாளில் திரும்பச் சேரும். ஒவ்வொரு முறையும் ஆட்டோ, வரிசை, ஊசி என்று அலைந்தோம். கடைசியில் ஒரு குழாய் வழியாக டால்க் என்ற தூளைச் செலுத்தி இரண்டு சவ்வுகளையும் ஒட்டவைத்தார்கள். இரண்டு நாள் காய்ச்சலும் வலியும் இருந்தன. அதன் பிறகு அம்மா வாழ்ந்த எட்டு மாதம் மூச்சுக்குத் திண்டாடவில்லை. நோய் தீரவில்லை, ஆனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பேத்திக்குத் தலை பின்னினார். நெல்லிக்குப்பத்து ஐயாவுக்கும் இதைச் சொல்கிறேன். திரும்ப ஊறும் நீருக்கும் செய்ய வழி இருக்கிறது, கேட்க வேண்டும்.

முதுநகர் மகள் | திங்கள், மாலை 5.10

முடிவு வந்துவிட்டது. ஏ.டி.ஏ. 78. லிம்போசைட் 90 விழுக்காடு. புற்றணு இல்லை. காசநோய் என்று சொல்லி இன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை. சர்க்கரை, எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள், எல்லாருக்கும் செய்வதுதானாம். ஆறு மாதம். மாத்திரை இலவசம், சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருமாம். புற்று இல்லை என்றதும் அம்மா அழுதார். காசநோய் என்றதும் மறுபடியும் அழுதார். அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

பாகூர் | திங்கள், இரவு 9.00

அந்தத் தட்டை இன்றே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இது பாத்திரத்தால் பரவும் நோய் அல்ல. சளியில் கிருமி இல்லாதவரிடமிருந்து பரவுவது மிகவும் குறைவு. ஆனாலும் வீட்டில் இருக்கும் எல்லாரையும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளை, ஒருமுறை பரிசோதிக்கச் செய்யுங்கள்.

எனக்கும் இதே நோய்தான், 24 வயதில், இடது பக்கம். சிகிச்சை கோரிமேட்டில். தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது மாத்திரையின் நிறம், ரத்தம் இல்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே காட்ட வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் அறவே கூடாது, கல்லீரல் தாங்காது. மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் போய்ப் பசி வரும், இரண்டாவது மாதத்தில் நோய் போய்விட்டது போலவே இருக்கும். நான் அப்போது நிறுத்த நினைத்தேன். மாத்திரை கொண்டுவரும் சுகாதார ஊழியர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, விழுங்கும்வரை போகமாட்டேன் என்றார். அவரை இன்றும் நினைக்கிறேன்.

மூன்று பந்து வைத்த ஊதுகருவி கொடுத்திருப்பார்கள். அதில் மூச்சை உள்ளே இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். அமுங்கிய நுரையீரல் விரிய அது வேண்டும்.

நெல்லிக்குப்பத்தார் | செவ்வாய், காலை 6.15

மகளே, நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. நான் சொன்னபடி பத்து நாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தேன். மைத்துனரின் பழைய கோப்பை அவர் மனைவியிடம் வாங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் நீர் எடுத்த ரசீது இருக்கிறது. சோதனை முடிவு ஒரு முறைக்குக்கூட இல்லை.

முதுநகர் மகள் | ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பா 49 கிலோவிலிருந்து 53க்கு வந்துவிட்டார். காய்ச்சல் இல்லை. நேற்று துறைமுகம்வரை நடந்து போய், யாரோ பழுது பார்த்த என்ஜினின் சத்தத்தைக் கேட்டு அது சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புது எக்ஸ்ரேயில் நீர் ஏறக்குறைய இல்லை, ஆனால் கீழ் மூலை மட்டும் மழுங்கலாகத் தெரிகிறது. அது பயப்பட வேண்டியதா?

பாகூர் | ஞாயிறு, மாலை 6.00

எனக்குப் பதினொரு வருடம் கழித்தும் அந்த மூலை அப்படித்தான் இருக்கிறது. சவ்வு கொஞ்சம் தடித்து ஒட்டிய தழும்பு அது. ஆனாலும் இந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போது எக்ஸ்ரே எடுத்தாலும் பழையதோடு ஒப்பிடக் கேட்பார்கள்.

குறிஞ்சிப்பாடி மருமகள் | ஞாயிறு, இரவு 9.25

இழை முழுவதும் படித்தேன். என் மாமியாருக்கு 66 வயது. இரண்டு பக்கமும் நீர் என்று இன்று சொன்னார்கள். இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன. காய்ச்சல் இல்லை. இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு இரவாக நாற்காலியில் உட்கார்ந்தேதான் தூங்குகிறார். இவருக்கும் ஊசிதானா?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.31

இரண்டு பக்கமும் நீர், கால் வீக்கம், காய்ச்சல் இல்லை, படுக்க முடியவில்லை. இது இதயத்திலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ வருவதாக இருக்கலாம். ஈசிஜி, எக்கோ, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தச் சோதனை மூன்றும் வேண்டும். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். படுக்கவே முடியாமல் இரண்டு இரவு கழிந்துவிட்டது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள் அம்மா. நிமிர்த்தி உட்கார வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். இப்போதே.

குறிஞ்சிப்பாடி மருமகள் | ஞாயிறு, இரவு 9.44

கூப்பிட்டுவிட்டேன். வண்டி வருகிறது.